பிரிண்டர் தட்டில் கிடப்பவை

ஜூலை 26, பனிமய மாதா கோயில் கொடியேற்றம். அந்த வாரம் எங்கள் தூத்துக்குடியில் அரசு ஆபீஸ் பிரிண்டர்களுக்கும் வேலை கூடிவிடும். (எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள்.) தட்டில் திருவிழா நோட்டீஸ், சீட்டுக் கணக்கு, மகளுடைய இன்ஜினியரிங் கலந்தாய்வுப் பட்டியல். இதற்கெல்லாம் எனக்குக் கோபம் வருவதில்லை. போனால் நாலு காகிதம்.

சொந்த உபயோக விஷயத்தில், மத்திய அரசு 2015 பிப்ரவரியில் வெளியிட்ட மின்னஞ்சல் கொள்கையே அவ்வளவு கறாராக இருக்கவில்லை. பதவிப் பெயரில் உள்ள முகவரி அலுவலுக்கு. சொந்தப் பெயரில் உள்ள முகவரியில் சொந்த விஷயமும் எழுதலாம் என்றது. விளம்பரம், சங்கிலிக் கடிதம் போன்றவைதான் கூடாது என்றது.

வெள்ளைக்காரனோ சந்தேகப் பேர்வழி. அரசுக் கடிதத்துக்கென்றே 1866-ல் ‘சர்வீஸ்’ என்று அச்சடித்த தபால்தலையைக் கொண்டுவந்தான். மாமனாருக்கு எழுதும் கடிதத்தில் அதை ஒட்டினால் தபால்காரருக்கே தெரிந்துவிடும்.

எனக்குப் பயம் எதிர்த்திசையில்: ஆபீஸ் வேலை சொந்த மெயிலுக்குப் போவதில். “தம்பி, அந்த டெண்டர் ஃபைலை என் ஜிமெயிலுக்கு அனுப்பிரு, வீட்ல போய்ப் பாத்துக்கிடுதேன்.” அலுவல் கடிதம் தனியார் மெயிலில் போகக் கூடாது என்று அதே மின்னஞ்சல் கொள்கை சொன்னது. யார் கேட்கிறார்கள்? அதிகாரி மாறுதலாகிப் போனால், அந்த ஃபைலில் அவர் வீட்டில் எழுதியதெல்லாம் அவரோடு போய்விடும். நாளைக்கு ஒருவர் தகவல் உரிமைச் சட்டத்தில் அதைக் கேட்டால், ‘ஆவணம் இல்லை’ என்று பதில் வரும். ஆபீஸ் கணினியில் உண்மையிலேயே இருக்காது.