எப்போது எரிகிறது என்று சொல்லு

தம்பி, பழைய போர்ஷே பொக்ஸ்டர் ஒன்று வாங்க ஆசைப்படுவதில் பிழை ஒன்றும் இல்லை. 1996 முதல் 2004 வரை வந்த முதல் தலைமுறை வண்டிகள் இப்போது கனடாவில் ஒரு புதுச் சின்னக் கார் விலைக்கும் குறைவாகக் கிடைக்கின்றன. இரண்டே இருக்கை, திறக்கிற கூரை, முதுகுக்குப் பின்னால் எஞ்சின். இளவயதில் ஓடாமல் வேறு எப்போது ஓடுவது? ஆனால் வாங்கிய கையோடு ஸ்காபரோவில் என்னைப் போன்ற கிழட்டு மெக்கானிக்குகளைத் தேடி வருகிற பெடியள் பலரின் முறைப்பாடு ஒன்றுதான்: "அங்கிள், ரெம்பரேச்சர் லைட் இடைக்கிடை எரியுது. பிறகு தானாப் போயிடுது."

தானாகப் போகிறதுதான் கெட்ட செய்தி. எரிந்தபடியே நிற்கிற விளக்கை ஒருவரும் அலட்சியம் செய்வதில்லை, அன்றைக்கே வண்டியை நிறுத்திவிடுவார்கள். வந்து வந்து போகிற விளக்குக்குத்தான் மனிதர் சமாதானம் கண்டுபிடிக்கிறார்கள். விளக்குக்கு மேல் கறுப்பு ரேப் ஒட்டிக்கொண்டு வந்தவனையும் கண்டிருக்கிறேன். கெட்டிக்காரன், கணினிப் படிப்பு வேறு.

நான் கேட்கிற முதல் கேள்வி, "எப்போது?" பதில், "சில நேரம்." அது பதில் இல்லை. காலையா, மாலையா? நெரிசலிலா, பெருந்தெருவிலா? வளைவிலா, மேட்டிலா? ஏசி போட்டிருந்ததா? மழையா? நிலையாக எரிந்ததா, மினுக்கியதா? இந்த வண்டியில் அந்த விளக்கு எரிகிற விதத்திலேயே செய்தி இருக்கிறது. சூடு கூடினால் ஒரு விதம், தண்ணி குறைந்தால் இன்னொரு விதம், எஞ்சின் அறையின் காற்றாடி பிழைத்தால் வேறொரு விதம். வண்டியோடு வந்த கைநூலில் இதெல்லாம் இருக்கிறது. அதைத்தான் ஒருவரும் திறப்பதில்லை.

போன கோடையில் ஒரு பெடியன் வந்தான். வேறொரு கராஜில் தெர்மோஸ்டாட் மாற்றி, சென்சர் மாற்றி, வோட்டர் பம்பும் மாற்றியாகிவிட்டது. விளக்கு மட்டும் மாறவில்லை. நான் ஸ்பானர் எடுக்கவில்லை. ஒரு சின்னக் கொப்பியைக் கொடுத்து, "இரண்டு கிழமை ஓடு. எரிகிற ஒவ்வொரு தரமும் வண்டியை ஓரம்கட்டி எழுது, அணையும்போதும் எழுது. முள்ளு சிவப்புக்குப் போனால் எஞ்சினை உடனே நிறுத்து" என்று அனுப்பினேன். அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. மெக்கானிக்கிடம் வந்தால் வீட்டுப்பாடம் கொடுக்கிறானே என்று நினைத்திருப்பான்.

கொப்பி திரும்பி வந்தபோது பாதி வேலை முடிந்திருந்தது. எரிந்ததெல்லாம் வேலை முடிந்து டொன் வலி பார்க்வேயில் ஊர்ந்து வருகிற மாலை நேரம். 401 பெருந்தெருவில் நூறில் ஓடும்போது ஒருநாளும் இல்லை. காலையிலும் இல்லை. எல்லா நாளும் கூரை திறந்திருந்தது, அதனால் ஏசி போடவில்லை.

இந்த வண்டியில் எஞ்சின் நடுவில், ரேடியேற்றர்கள் முன்பக்கம் இரண்டு மூலையிலும் ஒவ்வொன்று. 15 லீற்றருக்கு மேற்பட்ட கூலன்ட் வண்டியின் நீளத்துக்கு முன்னால் போய் ஆறி, திரும்பி வரவேண்டும். வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே ஆற்றிவிடும். ஊரும்போது காற்றாடிதான் கதி. ஓடும்போது சுகம், நிற்கும்போது சூடு என்றால் காற்றைப் பார். நிற்கும்போது சுகம், வேகத்தில் சூடு என்றால் தண்ணி ஓட்டத்தைப் பார்: அடைத்த ரேடியேற்றர், இதழ் உடைந்த பம்ப்.

எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஏசியைப் போட்டேன். அப்போது இரண்டு காற்றாடியும் மெதுவாகச் சுற்றவேண்டும். குனிந்து கையை வைத்துப் பார்த்தால் இடப்பக்கம் காற்று, வலப்பக்கம் ஒன்றும் இல்லை. வலது மோட்டாருக்கு நேரே பற்றரியில் இருந்து வயர் கொடுத்தேன், சுற்றியது. அப்படியானால் மோட்டார் நல்லது. குறைந்த வேகத்துக்கு மின்சாரத்தைக் குறைத்துக் கொடுக்கிற ரெசிஸ்டர் எரிந்திருந்தது. குறைந்த வேகம் இல்லாததால் சூடு ஏறும், விளக்கு எரியும். கூடிய வேகம் சூட்டை இறக்கிய பிறகுதான் விளக்கு அணையும். தானாகப் போனதன் கதை இவ்வளவுதான்.

அதோடு விடவில்லை. முன் பம்பரைக் கழற்றினோம். ஏசி கண்டென்சருக்கும் ரேடியேற்றருக்கும் இடையில் இலைகள், பல வருடத்து மேப்பிள் இலைகள், நனைந்து காய்ந்து மட்டைபோல இறுகியிருந்தன. பெடியன் தன் கையாலேயே அள்ளினான். முந்திப் போட்ட பம்பும் தெர்மோஸ்டாட்டும் கூடாத சாமான் இல்லை, தேவையில்லாத சாமான். மூன்றையும் ஒரே நாளில் மாற்றியதால் எது பிழை, எது சரி என்று சொல்லவும் வழியில்லாமல் போனது. ஒரு நேரத்தில் ஒன்றை மாற்று, ஓடிப் பார், பிறகு அடுத்ததைத் தொடு. காசு மிச்சம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அப்படிச் செய்தால்தான் ஏதாவது படிக்கலாம்.

எல்லாப் பொக்ஸ்டருக்கும் காற்றாடிதான் நோய் என்று நினைத்துவிடாதே. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் எரிந்து, சூடேறியதும் அணைந்தால் கூலன்ட் மட்டம் விளிம்பில் நிற்கிறது. சூட்டில் விரிந்து சென்சரைத் தொடுகிறது, ஆறியதும் இறங்குகிறது. வளைவில் மட்டும் எரிந்தாலும் அதைத்தான் முதலில் பார். இந்த வண்டிகளின் கூலன்ட் தாங்கி பின் பூட்டுக்குள் இருக்கிறது, வயதானால் பிளாஸ்டிக் வெடிக்கும். பூட்டின் கார்ப்பெற்றைத் தூக்கிக் கையால் தடவு. ஈரமும் இனிப்பு மணமும் இருந்தால் வேறு சாட்சி வேண்டாம். பள்ளத்தில் விழும்போதும் மழைக்கும் மட்டும் எரிந்தால் வயரைத் தேடு. கனடாவின் வீதி உப்பு இணைப்புகளைப் பச்சை பிடிக்க வைத்துவிடும். இன்னொன்று: இந்தச் சென்சர் சூடேற ஏற மின்தடை குறைகிற சாதி. அதனால் வயர் அறுந்தால் குளிர் என்றுதான் காட்டும். பொய்யாகச் சூடு காட்டினால் அறுந்த வயரைத் தேடி மினக்கெடாதே. எங்கேயோ ஈரமோ உரசலோ தடையைக் குறைக்கிறது. சந்தேகம் தீர, ஓபிடி வாசிப்பானைச் செருகி அதில் வருகிற எண்ணையும் டாஷ்போர்டின் முள்ளையும் ஒரே நேரத்தில் பார்.

இதையெல்லாம் வண்டிக்காக மட்டும் நான் எழுதவில்லை. எங்கள் வயதுக்காரர் பலருக்குப் படி ஏறும்போது நெஞ்சு இறுக்கும், இருந்தால் விட்டுவிடும். "வாய்வு, தானாப் போயிடும்" என்பார்கள். வைத்தியரும் முதலில் கேட்பது "எப்போது வருகிறது?" என்பதைத்தான். ஏறும்போது வந்து, ஓய்ந்தால் போகிற நோ இருதயத்து இரத்தக் குழாய் ஒடுங்கியதற்கு முக்கியமான அறிகுறி. சுமை கேட்கும்போது மட்டும் போதாமை தெரிகிறது, நெரிசலில் நின்ற அந்த வண்டியைப் போல. உன் அப்பா அப்படி ஏதாவது சொன்னால் இரக்கத்தோடு தலையாட்டிவிட்டுப் போகாதே. எப்போது என்று கேள், எழுதி வை, அந்தக் கிழமையே கூட்டிக்கொண்டு போ. ஓய்ந்து இருந்தும் விடாவிட்டால் 911ஐ அழை.

வீட்டுச் சண்டைக்கும் இந்தக் கேள்வி உதவும் என்று என் மனைவி சொல்வாள். மாதக் கடைசியில் மட்டும் கோபம் வருகிற வீட்டில் கோபம் நோய் இல்லை, வங்கிக் கணக்கைப் பார்க்கவேண்டும். அவளை நான் மறுத்துப் பேசுவதில்லை.

இனி நீயே பார். கொப்பி ஒன்று கையுறைப் பெட்டிக்குள் கிடக்கட்டும். இலையுதிர் காலம் முடிந்ததும் ரேடியேற்றர் வாயைத் துப்பரவாக்கு. கூலன்டும் காய்ச்சி வடித்த நீரும் பாதிக்குப் பாதி. அந்தக் கலவை சுழியத்துக்குக் கீழே 37 பாகை வரை உறையாது, எங்கள் மாசிக் குளிருக்கு அது போதும். விளக்கு எரிந்த சூட்டோடு தாங்கியின் மூடியை மட்டும் திறக்காதே. உள்ளே இருப்பது நூறு பாகைக்கு மேலேயும் இருக்கலாம், அழுத்தம் விட்டதும் கொதித்து முகத்தில்தான் அடிக்கும். எஞ்சின் நன்றாக ஆறும்வரை பொறு. அவசரம் என்றால் ரக்ஸி பிடித்து வீட்டுக்குப் போ.