ஐரோப்பாவில் அக்கினி நட்சத்திரம்

ஐரோப்பாவுக்கா புறப்படுகிறீர்கள்? பேஷ்! கம்பளிச் சட்டை, குல்லாய் எல்லாம் பெட்டியில் ஏறிவிட்டன அல்லவா? ஜூலை, ஆகஸ்டில் பயணமானால் அதில் பாதியை வெளியே எடுத்துவிட்டு, ஒரு பனையோலை விசிறியை உள்ளே வையுங்கள்.

சிரிக்காதீர்கள். 2003-ம் ஆண்டு மே 31-ந் தேதி சென்னையில் வெயில் 45 டிகிரியைத் தொட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் பாரிஸில் சுமார் 40 டிகிரிதான். ஆனால் அந்த மாதம் பிரான்ஸில் வெயிலுக்குப் பலியானவர்கள் ஏறக்குறைய 15,000 பேர்! பெரும்பாலோர் வயதானவர்கள்.

"பெருங்குடி வெயிலைப் பார்த்த எங்களுக்கு அதெல்லாம் எம்மாத்திரம்?" என்பீர்கள். அங்கேதான் ஏமாந்து போவோம். பெருங்குடியில் மதியம் கொதித்தாலும், கொட்டிவாக்கம் பக்கமிருந்து கடற்காற்று வந்துவிட்டால் மூச்சு வருகிறது. தலைக்கு மேல் மின்விசிறி சுழலுகிறது. பாரிஸின் பழைய வீடுகளோ குளிருக்காகக் கட்டியவை. புகுந்த சூட்டை லேசில் வெளியே விடா. துத்தநாகத் தகட்டுக் கூரைக்கு அடியில் உள்ள மாடி அறை அடுப்புதான்! பகல் வெயிலைவிட, இரவிலும் தணியாத அந்த வெக்கைதான் ஆளை வாட்டுகிறது.

ஆகவே, அறை எடுக்கும்போதே விசிறி உண்டா என்று கேளுங்கள். உச்சி மாடி வேண்டாம். நம் பாட்டிமார் செய்தது போல, காலையிலேயே ஜன்னலைச் சாத்தித் திரையை இழுத்துவிட்டு, இரவு குளிர்ந்த பிறகு திறந்து வையுங்கள். அங்கே கோடையில் கடிகாரம் இரண்டு மணி அடிக்கும்போதுதான் சூரியன் உச்சிக்கு வருகிறான். பத்து மணிக்குத்தான் மறைகிறான். மாலை ஐந்து மணிதான் கொடுமையான நேரம்! ஊர் சுற்றுவதைக் காலையில் முடித்துக்கொண்டு, அந்த வேளையில் பழைய கல் மாதாகோயில் ஒன்றில் அமர்ந்துவிடுங்கள்; குளுகுளுவென்றிருக்கும்.

ரோமாபுரியில் தெருவுக்குத் தெரு 'நாசோனி' என்ற குழாய்கள் உண்டு. 'பெரிய மூக்கு' என்று பொருள். மூக்கின் நுனியை விரலால் அடைத்தால், மேலேயுள்ள துளை வழியே குடிநீர் பீச்சும். குழந்தைகளுக்கு ஒரே குதூகலம்!

ஒன்று மறக்காதீர்கள். அந்த வெயில் பெரும்பாலும் வறண்டது. வியர்வை உடனே உலர்ந்துவிடுவதால் உடம்பு நீரை இழப்பதே தெரியாது. தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள். கழுத்தில் ஈரத்துண்டு போட்டுக்கொண்டால், நம் ஊரைவிட அங்கே நன்றாகவே குளிரும்.

பிள்ளையைப் பார்க்கப் போகும் மாமியார், மாமனார் உடன் வருகிறார்களா? இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவரானால், வெயில் பற்றி டாக்டரிடம் முன்பே கேட்டு வையுங்கள். பேச்சுக் குழறி உடம்பு அனலாய்க் கொதித்தால், தண்ணீர் தெளித்து விசிறிக்கொண்டே 112-க்குப் போன் செய்யுங்கள்.

பெருங்குடிக் காற்றைப் பெட்டியில் கட்டிக்கொண்டு போக முடியாது. பாட்டியின் புத்தியைக் கொண்டு போகலாம்; அதற்கு எடைக் கூலியும் இல்லை!