பந்து சோறு போடுமா?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (கணிதம்)

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒருநாள் பயிற்சி முடிந்து, ஏழு மணிப் பேருந்தைப் பிடித்து வீடு திரும்பினேன். உடையெல்லாம் செம்மண். வாசலில் கைகால் கழுவிக்கொண்டிருந்த அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏம்மா, பொழுது சாயற வரைக்கும் அந்தப் பந்தை அடிச்சுட்டு வர்றியே, அது சோறு போடுமா? உங்களுக்குச் சொல்லிக்குடுக்கறவங்க யாரு? அவங்க எங்கேயிருந்து வந்தாங்க? அவங்களுக்குச் சம்பளம் யாரு தர்றா?"

அதில் ஏளனம் இல்லை; கவலைதான் இருந்தது. என் அப்பா கொத்தனார். அம்மா அவருடனேயே வேலைக்குப் போகும் சித்தாள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நான் பட்டம் பெற்று ஓர் உத்தியோகத்தில் அமர்வேன் என்ற நம்பிக்கையில்தான் அவர்கள் வெயிலில் நிற்கிறார்கள். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாவிட்டால் அணியை விட்டு விலகிவிடுவது என்று அன்றிரவே முடிவு செய்தேன்.

அணி என்று நான் சொல்வது எங்கள் கல்லூரி மகளிர் சாப்ட்பால் அணியை. பெயரைக் கேட்டவுடன் ரப்பர் பந்துக் கிரிக்கெட் என்று எண்ணிவிடாதீர்கள், நண்பர்களே! இது பேஸ்பாலின் தங்கை. 1887-ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ நகரில், ஒரு படகுக் கழகத்தின் மண்டபத்திற்குள், சுருட்டிக் கட்டிய குத்துச்சண்டைக் கையுறையைப் பந்தாகவும் துடைப்பக் கட்டையை மட்டையாகவும் கொண்டு விளையாட்டாகத் தொடங்கியது. இன்று பெண்கள் ஆடும் பந்தின் சுற்றளவு 12 அங்குலம். அணிக்கு 9 பேர். ஆட்டத்திற்கு 7 சுற்றுகள். கையைச் சுழற்றி, அது இடுப்புக்குக் கீழே வரும்போதுதான் பந்தை விட வேண்டும். வீசுபவருக்கும் அடிப்பவர் நிற்கும் தளத்துக்கும் இடையே 43 அடி. அந்தத் தொலைவில் வரும் பந்து மென்மையானதன்று என்பதற்கு என் இடது முழங்காலே சாட்சி!

மறுநாள் எங்கள் உடற்கல்வி இயக்குநர் ஐயாவிடம் அப்பாவின் கேள்வியை அப்படியே சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன். அவரோ சிரித்தார். "உங்கப்பா சரியான கேள்விதான் கேட்டிருக்கிறார். விடையை நான் சொல்லமாட்டேன். தேடிப் படித்து நீயே போய்ச் சொல்" என்று ஒரு தாளில் சில பெயர்களை எழுதிக் கொடுத்தார். எல்லாம் அமெரிக்கக் கல்லூரி அணிகளின் பயிற்சியாளர்கள். நூலகத்துக் கணினியிலும் தோழியின் கைபேசியிலும் பல நாள் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க என் கண்கள் திறந்தன.

முதற்பெயர் ஷாரன் பாக்கஸ். பெண்களுக்குக் கல்லூரி அணிகள் சரிவர இல்லாத காலத்தில் ஆடத் தொடங்கியவர். அக்காலத்தில் திறமையுள்ள பெண்களுக்குப் புகலிடமாக இருந்தவை கழக அணிகளும் தொழிற்சாலை அணிகளும்தான். அவர் ஆடிய 'ரேபெஸ்டாஸ் பிரேக்கெட்ஸ்' அணியே, வாகனங்களுக்கு பிரேக் பட்டை செய்யும் ஆலையின் பெயரால் 1947-இல் பிறந்த அணி. 1972-இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. அரசின் நிதி பெறும் கல்வி நிலையங்களில் ஆண், பெண் என்று வேற்றுமை காட்டக் கூடாது என்பது அதன் சாரம். கல்லூரிகளின் ஆடுகளம் பெண்களுக்கு அகலத் திறந்தது. 1975-இல் பாக்கஸ், யூ.சி.எல்.ஏ. என்று சுருக்கமாக வழங்கப்படும் லாஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர் ஆனார்.

அவரிடம் அந்த முதல் ஆண்டுகளில் ஆடிய மாணவி சூ என்க்விஸ்ட். 1978-இல் அந்த அணி தேசியப் பட்டம் வென்றபோது அவர் ஓர் ஆட்டக்காரர். 1980-இல் தன் ஆசிரியைக்கே உதவிப் பயிற்சியாளராகத் திரும்பி வந்தார். 1989-இல் ஓர் அதிசயம் நடந்தது. பாக்கஸ் தன் தலைமைப் பதவியைத் தன் பழைய மாணவியோடு பகிர்ந்துகொண்டார். ஒரே அணிக்கு இரண்டு தலைமைப் பயிற்சியாளர்கள்! பின்னர் என்க்விஸ்ட் தனியே தலைமை ஏற்று 2006 வரை நடத்தினார். ஆட்டக்காரராக ஒன்று, பயிற்சியாளராகப் பத்து என்று அவர் பங்கு பெற்ற தேசியப் பட்டங்கள் 11.

அவருக்குப் பின் 2007-இல் தலைமை ஏற்றவர் கெல்லி இனோயே பெரெஸ். அவரும் வெளியிலிருந்து வந்தவர் அல்லர். அதே அணியில் அடிப்பவருக்குப் பின்னால் குந்தி அமர்ந்து பந்து பிடித்த கேட்சர். பிறகு 13 பருவங்கள் உதவிப் பயிற்சியாளர். ஆட்டக்காரராக, உதவியாளராக, தலைவராக என மூன்று நிலைகளிலும் தேசியப் பட்டம் கண்டவர் அவர். தலைவராகக் கண்டவை 2010, 2019 ஆகிய ஆண்டுகளில்.

அவர் பிடித்த பந்துகளை வீசியவர் லிசா ஃபெர்னாண்டஸ். தந்தை கியூபாவிலிருந்து வந்தவர். தாய் போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்தவர். எட்டு வயதில் முதன்முதலாகப் பந்து வீசிய ஆட்டத்தில் 20-க்கும் மேற்பட்ட ஓட்டங்களைக் கொடுத்து, தன் அணி தோற்பதைப் பார்த்த சிறுமி. பன்னிரண்டாவது வயதில் ஒரு பயிற்சியாளர், "உன் உடல்வாகுக்கு நீ பெரிய வீச்சாளராக வரமுடியாது" என்ற பொருளில் சொல்லி அனுப்பினாராம். அந்த இடத்தில் நான் படிப்பதை நிறுத்திவிட்டேன். ஏனெனில் எனக்கும் ஒரு தேர்வு முகாமில் அதையே சொன்னார்கள்: "உயரம் போதாதும்மா." அன்று பேருந்தில் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு நான் அழுதது யாருக்கும் தெரியாது. ஆனால் ஃபெர்னாண்டஸ் நின்றுவிடவில்லை. பல்கலைக்கழகத்தில் 93 ஆட்டங்களில் வென்றார். தோற்றவை 7 மட்டுமே. 1996, 2000, 2004 ஆகிய மூன்று ஒலிம்பிக்குகளிலும் தங்கம் வென்றார். இத்தனைக்கும் பிறகு அவர் வந்து நின்ற இடம் எது? தான் படித்த அதே பல்கலைக்கழகத்தில், தன் பந்துகளைப் பிடித்த தோழியின் தலைமையின் கீழ், உதவிப் பயிற்சியாளர் பதவி!

அடுத்த பெயர் பாட்டி காசோ. ஒரு வேடிக்கை: நம் ஊரில் 'பாட்டி' என்றால் வேறு பொருள்; அங்கே அது பெண்ணின் பெயர். 1990 முதல் 1994 வரை லாங் பீச் நகரின் ஈராண்டுக் கல்லூரி ஒன்றில் பயிற்சியளித்தவர். புகழ்பெற்ற இடம் எதிலிருந்தும் வந்தவர் அல்லர். 1995-ஆம் ஆண்டுப் பருவத்தில் ஒக்லஹோமாப் பல்கலைக்கழகப் பொறுப்பை ஏற்றார். அங்கே மகளிர் அணிக்குச் சொந்த மைதானம்கூட இல்லை. நகரின் பொதுப் பூங்காவில்தான் ஆட வேண்டும். 1998-இல்தான் சொந்த ஆடுகளம் கிடைத்தது. அதற்கு இரண்டே ஆண்டுகள் கழித்து, 2000-இல் இறுதி ஆட்டத்தில் யூ.சி.எல்.ஏ. அணியையே வென்று முதல் தேசியப் பட்டம் கொண்டுவந்தார். 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு பட்டங்கள். அதற்கு முன் எவரும் செய்யாத சாதனை.

2000-இல் அவருக்கு உதவியாக இருந்த டிம் வால்டன் உண்மையில் பேஸ்பால் வீரர். அந்த அனுபவத்தோடு இந்த ஆட்டத்தைக் கற்று, பின்னாளில் புளோரிடாப் பல்கலைக்கழகத்துக்கு 2014, 2015 ஆகிய இரு ஆண்டுகளிலும் பட்டம் பெற்றுத் தந்தார். அங்கே பந்துவீச்சுப் பயிற்சியளித்த ஜெனிஃபர் ரோச்சா, காசோவின் பழைய மாணவி. 2018-இல் தன் ஆசிரியையிடமே திரும்பினார்.

இன்னொரு செய்தியும் படித்தேன். அமெரிக்கக் கல்லூரி அணிகளில், சம்பளம் பெறும் பயிற்சியாளர்களோடு, தன்னார்வப் பயிற்சியாளர் என்றொருவர் அதிலிருந்து ஊதியம் ஏதுமின்றி உழைத்து வந்தார். 2023 ஜூலையில்தான் அந்த முறை ஒழிந்து, அவ்விடத்திலும் சம்பளம் தர வழி பிறந்தது. செல்வம் கொழிக்கும் அந்த நாட்டிலேயே பலர் சோறு போடாத பந்தோடுதான் தொடங்கினார்கள்!

எங்கள் அணிக்கும் அப்படி ஒருவர் இருக்கிறார். இக்கல்லூரியின் பழைய மாணவி; தனியார் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியை. சனிக்கிழமைதோறும் தன் பேருந்துக் காசில் வந்து எங்களுக்குப் பந்து வீசக் கற்றுத்தருகிறார். "எனக்கு இங்கே ஐயா கற்றுக்கொடுத்தாரே, அதற்கு என்ன சம்பளம் கொடுத்தேன்?" என்பார். ஐயாவோ தம் காலத்தில் கபடி வீரர். சாப்ட்பாலை விதி நூல் படித்துத்தான் கற்றுக்கொண்டாராம். அவர் குடும்பத்திலும் அவரே முதல் பட்டதாரி என்பதை அன்றுதான் அறிந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பின் எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னேன். பெயர்கள் அவர் வாயில் நுழையவில்லை. ஆனால் பொருள் நுழைந்துவிட்டது. வெற்றிலையை மடித்தபடி சொன்னார்: "அப்போ நம்ம வேலை மாதிரிதான். நானும் கையாளாப் போனவன்தானே? ஒரு மேஸ்திரி கரணையைக் கையில குடுத்தாரு. கொத்தனார் ஆனேன். நாளைக்கு நான் ஒருத்தனுக்குக் குடுப்பேன்." சற்று நிறுத்திவிட்டு, "அவங்க மேஸ்திரி ஆன பிறகும் கரணையைத் தொடுவாங்களா?" என்று கேட்டார். "எங்கள் ஐயா காலையில் தாமே சுண்ணாம்புக் கோடு போடுவார் அப்பா" என்றேன். அவர் தலையசைத்தார்.

கல்லூரிகளுக்கிடையிலான போட்டிக்கு முந்தைய நாள் அப்பா மைதானத்துக்கு வந்தார். என்னை அழைத்துப் போகத்தான். ஐயா கோடு போட்டுக்கொண்டிருந்தார். ஆடுகளம் பக்கத்துக்கு 60 அடி கொண்ட சதுரம். மூலைகள் செங்கோணமாக இருக்க வேண்டும். அப்பா சற்று நேரம் பார்த்துவிட்டு, "சார், மூலை கொஞ்சம் விலகுது" என்றார். நூலை வாங்கி ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நான்கடி அளந்து, குறுக்கே ஐந்தடி வருமாறு முளைகளை நகர்த்தி மூலைமட்டம் பிடித்தார். பிறகு நான் மூலைவிட்டத்தை அளந்தேன். பித்தகோரஸ் தேற்றப்படி 84 அடி 10 அங்குலமும் சற்றுக் கூடுதலும் வர வேண்டும். வந்தது! எங்கள் ஐயா என் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வாழ்நாளில் ஒரு பேராசிரியர் தம் கையைக் குலுக்குவது அப்பாவுக்கு அதுவே முதன்முறை.

மறுநாள் ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம். ஆனால் நான் அணியை விட்டு விலகவில்லை. கணிதத்தில் பட்டம் பெற்றபின் உடற்கல்வியியல் படிக்கவேண்டும் என்ற ஆசை என்னுள் வேரூன்றிவிட்டது. அப்பா இன்னும் முழுமனதாகச் சம்மதிக்கவில்லை. "முதல்ல டிகிரியை முடி" என்கிறார். அதுவும் சரிதான்.

பந்து சோறு போடுமா? சிலருக்குப் போட்டிருக்கிறது, பலருக்கு நெடுங்காலம் போடவில்லை. ஆனால் நான் படித்த வரலாறுகள் ஒவ்வொன்றிலும், ஒருவருக்கு முன்னால் ஒருவர் கை நீட்டி நின்றிருக்கிறார். படித்த பாட்டனும் பாட்டியும் இல்லாத என் போன்றோருக்கு ஆசிரியர்களே முன்னோர். அந்த வரிசையில் கடைசி ஆளாக இன்று நிற்கிறேன். எனக்குப் பின்னாலும் ஒருத்தி வந்து நிற்கும் நாளில், உயரம் போதாதென்று அவளைத் திருப்பியனுப்பமாட்டேன்.