அண்ணரும் ஒடியல் கூழும்

1990-91இல் தீவுப்பகுதி ஆமியிடம் போக, எங்கட ஊர் சரவணையின்ர சனம் யாழ்ப்பாணம், வன்னி, கொழும்பு, பிறகு கனடா என்று சிதறினது. எங்கட குடும்பத்தைப் பிரிச்சது சண்டை இல்லை, மூண்டு பரப்புக் காணி. (பதினாறு பரப்பு ஒரு ஏக்கர். கணக்குப் பாருங்கோ.)

ஐம்பது தாண்டியும் கலியாணம் கட்டாத, ஒரு வேலையிலும் நிலைக்காதவனை ஊர் "அவன் ஒரு மாதிரி" எண்டு சொல்லும். நான்தான் அது.

பள்ளம்புலம் முருகன் திருவிழாவுக்கு அண்ணர் வந்து நிக்கிறாராம். "சுகமோ அண்ணை?" எண்டு வட்ஸ்அப்பில் போட்டன். ரெண்டு நீலக்கோடு, அவ்வளவுதான்.

பிறகு, நான் கண்டிராத பெறாமகள் எழுதினாள்: "சித்தப்பா, கூழ் காய்ச்சுவீங்களோ? அப்பா கேக்கச் சொல்லேல்லை."

காய்ச்சுவன் பிள்ளை. நண்டு, பயித்தங்காய், பலாக்கொட்டை நான் கொண்டாறன். ஒடியல் மாவை மட்டும் இப்பவே தண்ணியில ஊறவிட்டு வடியுங்கோ, இல்லாட்டிக் கைக்கும்.