கேமரன் மலைப் பாதையில் மூன்று சக்கரம்



நம் நாட்டில் குளிர்காலம் கிடையாது என்பார்கள். அப்படிச் சொல்பவர்கள், மழை பிடித்த நவம்பர் மாலையில் கேமரன் மலைப் பாதையில் மோட்டார் சைக்கிளில் போகாதவர்கள்! கீழே தாப்பாவில் சட்டை வியர்வையில் நனையும். அங்கிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் ஏறி, 1,400 மீட்டருக்கு மேல் உயரமுள்ள தானா ராத்தாவை அடைந்தால் பற்கள் தந்தி அடிக்கும். இரவில் வெப்பம் 15 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும்.

என் தங்கையின் கணவர் அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறார். இடப்பக்கம் தொட்டி பூட்டிய மோட்டார் சைக்கிள் ஒன்று வைத்திருக்கிறார். ரொட்டிக்காரரும் ஐஸ்காரரும் ஓட்டி வருவதைப் பார்த்திருப்பீர்களே, அதே மாதிரிதான். பிள்ளைகள், அரிசி மூட்டை, காய்கறிக் கூடை எல்லாவற்றுக்கும் அதுதான் வாகனம். சென்ற நவம்பரில் என்னை அழைத்துப் போகத் தாப்பாவுக்கு அதில் வந்து இறங்கினார். தொட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். இரண்டு மூட்டை மணல்!

“என்ன மாப்பிள்ளை, தாப்பாவில் மணல் பஞ்சமா?” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். மணலை ஓரமாகக் கொட்டிவிட்டுச் சாக்கை மடித்து வைத்தார். “ஏறி உட்காருங்கள் மச்சான். இனி நீங்கள்தான் மூட்டை. காரணத்தை அப்புறம் சொல்கிறேன்” என்றார்.

புறப்பட்டோம். இந்த மலைக்குப் பெயர் தந்தவர் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர். அவர் இங்கே வந்தது 1885-இல். மேலே ஏறும் சாலை 1931-இல்தான் முடிந்தது. மலையை வளைத்து வளைத்துப் போட்ட பாதை அது. ஒரு வளைவு முடியுமுன் அடுத்தது வந்து நிற்கும். ஓரத்தில் பூர்வகுடி மக்களின் குடிசைக் கடைகள். தேனும் பெத்தாயும் தொங்கும். லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சியை நெருங்கும்போது தூறல் தொடங்கியது.

மாப்பிள்ளை உடனே வண்டியை நிறுத்திவிட்டார். “முதல் பத்து நிமிட மழைதான் பொல்லாதது. சாலையில் படிந்த எண்ணெயும் தூசும் அப்போதுதான் கிளம்பிச் சேறு மாதிரி வழுக்கும். கொஞ்சம் கழுவிப் போகட்டும்” என்றார். அங்கே ஓர் ஒட்டுக்கடையில் சூடாகத் தே குடித்துப் பசியாறினோம். அப்போதுதான் மணல் கதையைச் சொன்னார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழை நாள். மனைவியையும் மகளையும் தொட்டியில் வைத்துத் தானா ராத்தாவில் இறக்கிவிட்டிருக்கிறார். பிறகு வெறும் தொட்டியோடு தாப்பாவுக்குத் தனியாக இறங்கினார். பாரம் குறைந்ததே என்று கொஞ்சம் வேகம். ஓர் இடது வளைவில் தொட்டியின் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பிவிட்டது! பயத்தில் பிரேக்கை அழுத்தினார். வண்டி வலப்பக்கம் இழுத்துக்கொண்டு எதிர்த்தடத்துக்கே போய்விட்டது. எதிரே காய்கறி லோரி. அந்த ஓட்டுநர் மெதுவாக வந்ததால் கைநீட்டும் தூரத்தில் நிறுத்திவிட்டார்.

“அவர்கள் இறங்கிவிட்டார்கள், இனிக் கவலையில்லை என்று நினைத்தேன் மச்சான். அவர்கள் இறங்கியதால்தான் சக்கரம் தூக்கியது. அதுவரை என் வண்டியைத் தரையில் பிடித்து வைத்திருந்தது அவர்கள் பாரம்தான்” என்றார். தேத் தண்ணீர் ஆறும்வரை நானும் பேசவில்லை.

வாசகர்களே, மூன்று சக்கரம் இருந்தால் விழாது என்று நாம் நினைக்கிறோம். வழுக்கும் இடத்தில் இரண்டு சக்கர வண்டிபோல் சட்டென்று சாயாது என்பது உண்மைதான். ஆனால் வளைவில் இரண்டு சக்கர வண்டிபோல் அதைச் சாய்த்துத் திருப்பவும் முடியாது. தொட்டி இடப்பக்கம் இருந்தால், இடப்பக்கம் திரும்பும்போது தொட்டி தூக்கும். முறுக்கினால் வண்டி இடப்பக்கம் இழுக்கும். தொட்டியில் தனி பிரேக் இல்லையென்றால், பிரேக் போடும்போது வலப்பக்கம் இழுக்கும். ஈரச் சாலையில் இந்த இழுப்பைத் தாங்கிப் பிடிக்க டயருக்குப் பிடிமானம் குறைவு.

ஆகவே மாப்பிள்ளை கடைப்பிடிக்கும் வழிகளைக் கேளுங்கள். தொட்டி காலியாக இருந்தால் மணல் மூட்டை வைத்து, நகராமல் கட்டுகிறார். வேகத்தை வளைவுக்கு முன்பே, வண்டி நேராக ஓடும்போதே குறைத்துவிடுகிறார். வளைவுக்குள் பிரேக்கைத் திடீரென்று அழுத்துவதில்லை. இடது வளைவில் உடம்பைத் தொட்டிப் பக்கம் சாய்க்கிறார். இறக்கத்தில் சின்னக் கியரில் இறங்குகிறார். தேங்கிய தண்ணீரைத் தாண்டினால், பிரேக்கை மெல்லத் தொட்டுத் தொட்டு உலர்த்துகிறார். மூன்று டயரின் பூவையும் மாதம் ஒருமுறை பார்க்கிறார். தொட்டி டயரை மறப்பதில்லை. தொட்டியைப் பிடிக்கும் திருகாணிகளையும் முடுக்கிப் பார்க்கிறார்.

ரிங்லெட் தாண்டியதும் மூடுபனி இறங்கிவிட்டது. முன் விளக்கைத் தாழ்த்தி வைத்தார். உயர்த்தினால் வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணிலேயே அடிக்கும். ஓரிடத்தில் மலைச்சரிவின் செம்மண் சாலையில் வழிந்திருந்தது. நடை வேகத்தில் கடந்தார்.

அப்போது இன்னொன்று புரிந்தது. ஓட்டுபவருக்குக் கையும் காலும் வேலை செய்கின்றன. தொட்டியில் உட்கார்ந்தவரோ அசையாமல் ஈரக்காற்றை வாங்குகிறார். மழைக்கோட்டு போட்டும் என் விரல்கள் மரத்துப் போயின. சின்னப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? பிள்ளைகளை உட்கார வைத்தால் காது மூடிய தொப்பியல்ல, தலைக்கவசம் வேண்டும். மோட்டார் சைக்கிள் ஓட்டுபவருக்கு 1973-ஆம் ஆண்டிலிருந்தே நம் நாட்டில் அது சட்டம். உள்ளே கம்பளிச் சட்டை, மேலே மழைக்கோட்டு. அடிக்கடி நிறுத்திக் கையைத் தேய்த்துவிடுங்கள். ஓட்டுபவருக்கும் கையுறை வேண்டும். மரத்த விரல் பிரேக்கைப் பிடிக்கத் தாமதமாகும்.

தொட்டி பூட்ட நினைப்பவர்கள் முதலில் சாலைப் போக்குவரத்து இலாகாவில் விசாரியுங்கள். கண்ட பட்டறையில் ஒட்டி வைக்காதீர்கள்.

இருட்டும் நேரத்தில் தேயிலைச் சரிவுகள் பனிக்குள் பச்சையாகத் தெரிந்தன. லயத்து வாசலில் என் தங்கை விளக்கோடு நின்றாள். “ஏன் இவ்வளவு நேரம்? சோறு ஆறிப்போச்சு” என்றாள். மாப்பிள்ளை ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ஆறிய சோற்றைச் சூடாக்கிக் கொள்ளலாம், வாசகர்களே. மழை விடும்வரை காத்திருங்கள்.