வழுவும் வழுவமைதியும்

சென்ற ஞாயிறு மாலை, தோ பாயோவில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் மாணவர் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். தலைமையாசிரியரான பின்னும் ஒரு வகுப்பின் ஏடுகளை நானே பார்ப்பது வழக்கம். அடுத்த அறையிலிருந்து இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’ ஒலித்தது. ‘இதற்கு என்ன பெயர் சூட்டுவது?’ என்று தன்னையே வினவும் அவ்விசைத்தொகுப்பு 1986இல் வெளிவந்தபோது நான் பள்ளி மாணவன். இசைப்பயிற்சி மிக்க என் சிறிய தந்தையார் பாதியிலேயே ஒலிநாடாவை நிறுத்திவிட்டார். “தியாகையரையும் பாக்கையும் ஒரே பந்தியில் உட்கார வைத்திருக்கிறார். இது கச்சேரியும் இல்லை, சிம்பொனியும் இல்லை” என்றார்.

அவர் கூற்றில் பிழையில்லை. அது சிம்பொனி அன்று. இளையராஜாவின் ‘வேலியண்ட்’ சிம்பொனி இலண்டனில் அரங்கேறியது 2025 மார்ச் 8ஆம் நாளில்தான். ஆனால், சிம்பொனிக்குரிய நரம்பிசைக் கருவிகளைக் கொண்டு இத்தகைய விளையாட்டை அவர் முன்னரே ஆடிவிட்டார். ‘என் வீட்டில் பாக்கைச் சந்தித்தேன்’ என்னும் பகுதியில், பாக் தனி வயலினுக்கென எழுதிய மூன்றாம் பார்ட்டிட்டாவின் தொடக்கம் துள்ளி ஓடுகிறது. இளையராஜாவின் நரம்பிசை அதனோடு உரையாடுகிறது. மேலைமரபு நேர்ச்சுரத்தை எதிர்நோக்கும் இடத்தில் வி. எஸ். நரசிம்மனின் வயலின் கமகத்தோடு வளைகிறது. நம் கச்சேரியில் பக்கவாத்தியம் பாடகரைப் பின்தொடரும். ஃபியூக் என்னும் வடிவிலோ ஒரு குரல் தொடங்கிய மெட்டை மற்றொன்று எடுத்துக்கொள்ள, முதற்குரல் ஓயாமல் தன்வழியே செல்லும். ஒற்றை இழையில் இராகம் கேட்டுப் பழகிய செவிக்கு இது கூச்சலாகத் தோன்றுவது இயல்பே. ஐரோப்பியருக்கும் இத்தகைய குறும்பு புதிதன்று. 1791இல் ஹைடன் தம் 94ஆம் சிம்பொனியின் மெல்லிய இரண்டாம் பகுதியில் வாத்தியக் குழு முழுவதையும் திடுமென முழங்கவிட்டார்.

என் கையிலிருந்த ஏட்டில், “மின்தூக்கி அண்ணன் இன்றும் தாமதமாகத்தான் வந்தார்” என்று ஒரு சிறுமி எழுதியிருந்தாள். ‘வந்தார்’ என்பதைச் சிவப்பு மையால் வட்டமிட்டுத் ‘திணை வழு’ என்று குறித்திருந்தேன். பசுவை ‘என் அம்மை வந்தாள்’ என்று உவந்து கூறுவது வழுவமைதி என ஆண்டுதோறும் நன்னூல் வழிநின்று கற்பிப்பவன் நான்! உயிருள்ள பசுவுக்கு அளித்த சலுகையை மின்தூக்கிக்கு மறுத்துவிட்டேன் போலும்.

சிவப்பு மையை அழிக்க முடியாது. ‘வழு’வை அடுத்து ‘வமைதி’ என்னும் மூன்றெழுத்தைச் சேர்த்தேன். மதிப்பெண்ணையும் திருத்த வேண்டியதாயிற்று.