தனி மதிப்பு
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. கணிதம்)

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அப்பா கொத்தனார், அம்மா அவருடனேயே சித்தாள் வேலைக்குச் செல்பவர். கணிதம் படிக்கும் பிள்ளை என்பதால் தெருவில் எனக்கொரு தனி மதிப்பு உண்டு. மாலையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஐவர் எங்கள் திண்ணைக்குப் பாடம் கேட்க வருவார்கள். நான் சொன்னால் அவர்களுக்கு அது வேதவாக்கு. அது சரியா, தவறா என்று பார்த்துச் சொல்ல எங்கள் தெருவில் வேறு ஆள் இல்லை. அதுவே என் பெருமை. அதுவே ஆபத்தாகவும் முடிந்தது.

முதலாண்டில் சேர்ந்த புதிது. ஒரு மாலை வர்க்கமூலம் நடத்தினேன். 36 எக்ஸ் வர்க்கம் ஒய் அடுக்கு 4 என்பதன் வர்க்கமூலத்தைச் சுருக்க வேண்டும். "எண்ணுக்கு வர்க்கமூலம் எடு, அடுக்குகளைப் பாதியாக்கு, அவ்வளவுதான்" என்றேன். 36 ஆறாயிற்று, எக்ஸின் அடுக்கு 2 ஒன்றாயிற்று, ஒய்யின் அடுக்கு 4 இரண்டாயிற்று. '6 எக்ஸ் ஒய் வர்க்கம்' என்று எழுதிவிட்டுச் சாக்பீஸைக் கீழே வைத்தேன்.

ஒரு மாணவி புத்தகத்தின் விடைப் பக்கத்தைப் புரட்டினாள். "அண்ணா, இதுல எக்ஸுக்கு ரெண்டு பக்கமும் கோடு போட்டிருக்கே?" என்றாள். பார்த்தேன், இருந்தது. அந்தக் கோடுகளைப் பள்ளியிலேயே படித்திருக்கிறேன். ஆனால் இங்கே ஏன் வந்தன என்று தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல நா எழவில்லை. "அது அச்சுப்பிழை" என்றேன். ஐந்து பிள்ளைகளும் பென்சிலை எடுத்து அந்தக் கோடுகளை அடித்துவிட்டார்கள்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. எழுந்து விளக்கைப் போட்டு, எக்ஸுக்கு −3, ஒய்க்கு 1 என்று வைத்துப் பார்த்தேன். உள்ளே 36-ஐ 9-ஆல் பெருக்க 324. அதன் வர்க்கமூலம் 18. என் விடையோ −18!

எந்த எண்ணின் வர்க்கம் 9 என்று கேட்டால் 3, −3 என இரண்டையும் சொல்லலாம். ஆனால் 9-க்கு மூலக்குறி இட்டால் 3 மட்டுமே விடை. அந்தக் குறி குறை எண்ணைத் தராது. எக்ஸை வர்க்கப்படுத்தும்போதே அதன் குறி அழிந்துவிடுகிறது. மூலக்குறியை விட்டு வெளியே வரும்போது அது மிகையாக உள்ளே போயிற்றா, குறையாகப் போயிற்றா என்று யாருக்கும் தெரியாது. அதற்காகத்தான் அந்த இரண்டு கோடுகள். அவை தருவதற்குத் தனி மதிப்பு என்று பெயர். ஒய் வர்க்கம் எப்படியும் குறை எண் ஆகாது. ஆகவே அதற்குக் கோடு வேண்டாம். இரட்டைப்படை அடுக்கைப் பாதியாக்கும்போது ஒற்றைப்படை வந்தால் கோடு தேவை. இரட்டைப்படை வந்தால் தேவையில்லை. மாறிகள் எல்லாம் மிகை எண்கள் என்று கணக்கிலேயே சொல்லியிருந்தால் எதற்குமே தேவையில்லை.

பின்னர் நூலகத்தில் தேடிப் படித்தேன். மிகை எண்ணின் வர்க்கமும் குறை எண்ணின் வர்க்கமும் மிகையே என்று 12-ஆம் நூற்றாண்டிலேயே பாஸ்கரர் தம் பீஜகணிதத்தில் சொல்லிவிட்டார். மூலக்குறியை 1525-இல் அச்சில் ஏற்றியவர் கிறிஸ்டோஃப் ருடால்ஃப். அந்த இரண்டு கோடுகளை 1841-இல் எழுதியவர் வயர்ஸ்ட்ராஸ். பல ஆண்டுகள் பள்ளியாசிரியராக இருந்தவர். மூலக்குறிக்கும் கோடுகளுக்கும் இடையே முந்நூறு ஆண்டுகளுக்கு மேல். அதை நான் ஒரே நொடியில் அச்சுப்பிழை ஆக்கியிருந்தேன்!

மறுநாள் காலையில் அப்பாவிடம் சொன்னேன். கணக்கு அவருக்குப் புரியவில்லை. பிள்ளைகளிடம் நான் சொன்ன பொய் மட்டும் புரிந்தது. "செவுரு கோணலாப் போச்சுன்னா இடிச்சுத்தான் கட்டணும். பூசி மறைச்சா, பின்னாடி குடியிருக்கறவன் தலையிலதான் விழும்" என்றார். தூக்குக்குண்டையும் ரசமட்டத்தையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். முப்பது ஆண்டுகளாகச் சுவர் எழுப்புகிறவர், இன்றும் தம் கண்ணை நம்பாமல் குண்டு விட்டுத்தான் பார்க்கிறார்.

அன்று மாலை பிள்ளைகளிடம் உண்மையைச் சொன்னேன். பென்சிலால் அடித்திருந்ததால் அழிக்க முடிந்தது. "அப்ப நீங்களும் தப்புப் பண்ணுவீங்களா அண்ணா?" என்று அந்த மாணவி கேட்டாள். "பண்ணுவேன். அதனால நான் எழுதினாலும் ஒரு குறை எண்ணைப் போட்டுப் பாருங்க" என்றேன்.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டுக்கு முதல் பட்டதாரிகள் ஆகப்போகிறவர்கள். நம் பிழையைத் திருத்த வீட்டில் ஆளில்லை. நம் பிழையை அப்படியே நம்பத்தான் ஆளுண்டு. ஆகவே தூக்குக்குண்டை நாமே கையில் வைத்திருக்க வேண்டும்.

இப்போதெல்லாம் நான் விடை எழுதி முடிப்பதற்குள் ஐவரும் −3 போட்டுப் பார்த்துவிடுகிறார்கள். தெருவில் என் தனி மதிப்பு சற்றுக் குறைந்திருக்கலாம். ஆனால் தனி மதிப்பு ஒருபோதும் குறை எண் ஆகாதல்லவா!